என்டர் கீயில் ஓர் எலுமிச்சம்பழம்

ஏகாம்பரம் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு முரளியின் கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே ஒயர்கள்தான் இருந்தன.

“இதுக்கு சக்கரம் எங்கமா கீது?” என்று என்னைக் கேட்டார்.

அன்று ஆயுத பூஜை. ஏகாம்பரம் எங்கள் முதலாளி; முரளியும் நானும் அவரிடம் புரோகிராம் எழுதுகிறவர்கள். மதுராந்தகத்தில் நெல் லாரி ஓட்டிய குடும்பம் அவருடையது. இரண்டாயிரம் பிறந்த புதிதில், பழைய மாமல்லபுரம் ரோடெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனியாகப் போகிறது என்று யாரோ அவர் காதில் போட, ஒரு லாரியை விற்றுவிட்டுக் கேளம்பாக்கத்தில் ஒரு சிமென்ட் கடை மாடியைப் பிடித்தார். மென்பொருள் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆயுத பூஜை என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும்.

லாரிக்குப் பூஜை போட்டால் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை அதன்மேல் ஏற்றி நசுக்கிவிட்டுப் போக வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே எங்கள் அலுவலகத்திலும் எந்தக் கம்ப்யூட்டரையும் அணைக்கக் கூடாது என்று காலையிலேயே உத்தரவாகியிருந்தது. அணைந்த மிஷினுக்குச் சூடம் காட்டுவது பிணத்துக்குக் காட்டுவது மாதிரி என்றார்.

“மொதலாளி, இதுல ஒரு உருண்டை கீது பாருங்க” என்று முரளி மவுஸைக் கவிழ்த்து அதன் வயிற்றில் இருந்த ரப்பர் பந்தைக் காட்டினான்.

ஏகாம்பரம் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. மவுஸுக்கு முன்னால் பழத்தை வைத்துப் பார்த்தார். பழம் மவுஸில் பாதி இருந்தது.

“வேணாம்டா, வண்டி கவுந்துடும்” என்று எடுத்துவிட்டார்.

கடைசியில் கீபோர்டில் எது பெரிய கட்டையோ அதில் வைப்பது என்று முடிவானது. ஸ்பேஸ் பார் நீளம்தான், ஆனால் பழம் உருண்டோடியது. அந்தக் காலத்து என்டர் கீ முழங்கை மடக்கிய மாதிரி பெரிதாக இருக்கும். அதன்மேல் சந்தனத்தை அப்பி, பழத்தை வைத்து, அசையாமல் இருக்கட்டும் என்று பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். பக்கத்தில் ஒரு பொரிப் பொட்டலத்தையும் அதற்கு முட்டுக் கொடுத்தார்.

கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாம்பாரில் நாலு பேர் உப்பு

கேளம்பாக்கத்து மாடியைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “கூரை ஒழுகியது, உப்பளக் காற்றில் கீபோர்டு துருப்பிடித்தது எல்லாம் சரி. நீங்கள் அங்கே என்னதான் செய்தீர்கள்?” நியாயமான கேள்வி. என் அம்மாவே செங்கல்பட்டில் அக்கம்பக்கத்தாரிடம் பல வருடம் “கம்ப்யூட்டர்ல இருக்கா” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் செய்தது ஒரு பெட்டி. மரப்பெட்டி இல்லை, மென்பொருள். ஒரே சாம்பாருக்கு நாலு பேர் ஆளுக்கு ஒரு தடவை உப்புப் போட்டால் என்ன ஆகும்? நாலு பேர் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதினாலும் அதுதான் ஆகும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தெரியாமல் மிதித்துவிடுவார். அதைத் தடுக்க, எல்லோருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் வாங்கி வைத்து, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று நினைவு வைத்துக்கொள்ளும் ஒரு மென்பொருள் வேண்டும். விலைக்கு வாங்க ஏகாம்பரம் ஒப்பவில்லை. ஆகவே நான் எழுதினேன். நாங்கள் அதைப் பெட்டி என்றோம்.

பெட்டிக்கு இரண்டே முக்கியமான வேலை. ‘வை’ என்றால் உங்கள் கோப்பை வாங்கிப் பத்திரப்படுத்தும். ‘எடு’ என்றால் பெட்டியில் இருக்கும் கோப்பை உங்கள் மிஷினில் கொண்டுவந்து போடும். அங்கே ஏற்கெனவே அதே பெயரில் உங்கள் கோப்பு இருந்தால் அதன் தலையிலேயே எழுதிவிடும், பழையது போயே போய்விடும்.

கடைசி வரியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முரளி வைத்துக்கொள்ளவில்லை.

அபாயப் பலகையில் ஈரச் சட்டை

எனக்கு எச்சரிக்கை என்றால் உயிர். கேஸை மூடினாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்டே வளர்க்கப்பட்டவள் நான். பெட்டியையும் அப்படித்தான் வளர்த்தேன்.

‘வை’ என்று யாராவது அடித்தால் பெட்டி சும்மா வாங்கிக்கொள்ளாது. ‘நிச்சயமா?’ என்று கேட்கும். ‘சோதித்துப் பார்த்தீர்களா? நிச்சயமா?’ என்று மறுபடி கேட்கும். மாற்றியதற்குக் காரணத்தைக் குறைந்தது பத்து வார்த்தையில் எழுதச் சொல்லும். எழுதி முடித்த பிறகு மூன்றாவது ‘நிச்சயமா?’ வரும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு கேள்விகூடத் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

முரளி திருப்போரூர்ப் பையன். வேகமாக வேலை செய்வான், எதையும் படிக்க மாட்டான். பத்து வார்த்தை காரணத்துக்கு ‘சும்மா’ என்று பத்துத் தடவை எழுதிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அதுவும் சலித்துப்போய் ‘வை’ என்று அடிப்பதையே நிறுத்திவிட்டான்.

“அக்கா, பொண்ணு வூட்ல கூட இவ்ளோ கேக்கல” என்றான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்களை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். கடற்கரையில் ஒரு பெரிய பலகை. ‘அபாயம். இங்கே குளிக்காதீர்கள்’ என்று சிவப்பில் எழுதி, மண்டை ஓடும் வரைந்திருந்தது. அந்த இடத்தில்தான் கூட்டமே குளித்துக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றி மாட்ட வேறு இடம் இல்லாததால் எல்லோரும் அந்தப் பலகையில் மாட்டியிருந்தார்கள். எங்கள் கணக்கு சாரும் தம் சட்டையை மண்டை ஓட்டின் மேல் மாட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் பெரிய எழுத்தில் இரண்டு பலகையாக வைத்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

என்டர் தட்டினால் வேலை நடக்கணும்

‘எடு’ என்று அடித்தாலும் பெட்டி ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கேள்வி கேட்கும். ‘உங்கள் கோப்பை அழித்துவிட்டுப் பெட்டியில் இருப்பதை எழுதட்டுமா?’ இதற்கு ‘ஆம்’ என்று தனியாக அடிக்க வேண்டும். வெறும் என்டரைத் தட்டினால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும்படிதான் முதலில் எழுதியிருந்தேன்.

யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் தானாக நடப்பது எது என்று ஒவ்வொரு மென்பொருளிலும் ஒருவர் தீர்மானித்து வைக்கிறார். அதற்கு டீஃபால்ட் என்று பெயர். டீக்கடையில் “ஒரு டீ” என்றால் சர்க்கரையோடு வருகிறதே, அந்த மாதிரி. சர்க்கரை வேண்டாதவர்தான் வாயைத் திறக்க வேண்டும்.

ஒரு நாள் ஏகாம்பரம் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்த்தார். நான் ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஆம்’, ‘ஆம்’ என்று அடித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாமா இது பேஜாரு? டப்பு குடுத்து ஆள வெச்சிகினா, உன் மிஷினு கேள்வி கேட்டுகினே கீது. என்டர் தட்னா வேலை நடக்கணும். அவ்ளோதான்.”

“தெரியாம தட்டிட்டா மொதலாளி?”

“தெரியாம யாருமா என்டர் தட்டுவான்?”

வெறும் என்டர் என்றால் ‘ஆம்’ என்று மாற்றிவிட்டேன். ஆகக்கூடி, எங்கள் பெட்டியில் நல்லது செய்யப் பத்து வார்த்தையும் மூன்று நிச்சயமும் வேண்டும். அழிப்பதற்கு ஒரு தட்டு போதும். அந்த அமைப்போடுதான் ஆயுத பூஜை வந்தது.

பழம் சாமியோடது

முரளி அப்போது எழுதிக்கொண்டிருந்தது மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு கடற்கரை ஓட்டலுக்கான புரோகிராம். அறை பதிவு, பில் எல்லாம் அதில் உண்டு. விஜயதசமிக்கு மறுநாள் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஓட்டல்காரர் ஒப்புக்கொண்டால் முரளிக்கு வேலை நிரந்தரம் என்று ஏகாம்பரம் சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று ஊரப்பாக்கத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். பெண்ணின் பெயர் கோமதி. அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் முரளி மெதுவாகப் பேசுவான்.

பூஜைக்குச் சற்று முன்னால், நான் எழுதிய ஒரு சின்னக் கோப்பு தேவைப்பட்டு ‘எடு’ என்று அடித்திருக்கிறான். அவன் மிஷினில் இருந்த கோப்புகள் எல்லாம் புதியவை. பெட்டியில் இருந்தவை ஒரு மாதத்துக்கு முந்தையவை, அதற்குப் பிறகு அவன்தான் ‘வை’ என்று அடிக்கவே இல்லையே. முதல் கேள்வி திரையில் வந்து நிற்கும்போது ஏகாம்பரம் அவனைக் கூப்பிட்டுப் பூசணிக்காயைக் கீழே எடுத்துப்போகச் சொன்னார். கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அவன் போய்விட்டான். பழம் என்டர் கீயில் ஏறியது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கேள்விக்குத்தான் எலுமிச்சம்பழம் பதில் சொல்ல ஆரம்பித்தது.

நான் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். மூன்று கம்ப்யூட்டரும் நெற்றியில் விபூதிப் பட்டையோடு பக்திமானாக உட்கார்ந்திருந்தன. முரளியின் திரையில் மட்டும் பட்டைக்குக் கீழே வரிகள் ஓடின. ‘அழித்து எழுதட்டுமா? ஆம்.’ கொஞ்சம் பொறுத்து அடுத்த கோப்பு. ‘ஆம்.’ எங்கள் நெட்வொர்க் மாட்டுவண்டி வேகம். ஒரு கோப்பு வந்து சேர்வதற்குள் ஒரு வாய் காப்பி குடிக்கலாம். அது ஒன்றுதான் நல்ல நேரம்.

“மொதலாளி, அந்தப் பழத்த எடுங்க! முரளி செஞ்ச வேலையெல்லாம் அழியுது!”

“இன்னாமா பேசற? பூசையில வெச்சத நாளிக்குக் காலைல புனர்பூசை போட்டுதான் எடுக்கணும். மிஷின யாரும் தொடவே இல்லியே.”

“பழம் தொடுதே!”

“பழம் சாமியோடது.”

“அப்போ அழிக்கறதும் சாமிதானா?”

“அப்டி சாமி அழிக்கணும்னு இருந்தா நீ யாருமா தடுக்க?”

சுவிட்சை அணைக்கிறேன் என்றேன். பூஜை நடக்கும்போது எஞ்சினை நிறுத்தியதால் அவருடைய சித்தப்பா வண்டி மறுவாரமே படாளத்துக்கு அருகே ஏரியில் இறங்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கதை முடிவதற்குள் இரண்டு கோப்பு போய்விட்டது.

முரளி கையெல்லாம் பூசணிக்காய்க் குங்குமத்தோடு மாடி ஏறி வந்தான். திரையைப் பார்த்தான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“அக்கா... அது என் மிஷினுதான?”

“நீயே எடுடா அந்தப் பழத்த!”

கையை நீட்டினான். ஏகாம்பரம் பார்த்த பார்வையில் கை பாதியில் நின்றது.

“தொட்டா இவுரு வேலைய வுட்டுத் தூக்குவாரு. தொடலன்னா வேலையே இல்ல. இன்னாக்கா பண்ணுவேன்?” என்றான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பொட்டு வைக்காத டப்பா

அப்போதுதான் மேலே பார்த்தேன். இரும்பு பீரோவின் தலையில் நெட்வொர்க் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் ஒரு சின்ன டப்பா, பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யுபிஎஸ்ஸுக்குச் சந்தனம் வைத்தாகிவிட்டது, ஸ்டேப்ளருக்கு வைத்தாகிவிட்டது, தண்ணீர் கேனுக்குக்கூட வைத்தாகிவிட்டது. அந்த டப்பாவுக்கு மட்டும் வைக்கவில்லை. முரளியின் ஒயரை அதிலிருந்து பிடுங்கினால் பெட்டியிலிருந்து எதுவும் வராது.

“மொதலாளி, அந்த டப்பாவுக்குப் பொட்டு வெச்சீங்களா?”

நான் கேட்டிருக்கவே கூடாது. ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயையோ, அத்த வுட்டுட்டனே!” உடனே சந்தனக் கிண்ணத்தில் விரலை முக்கிக்கொண்டு பீரோவை நோக்கி நடந்தார்.

பொட்டு வைத்துவிட்டால் அதுவும் பூஜையில் சேர்ந்துவிடும். பிறகு தொட முடியாது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். ஏகாம்பரம் என்னைவிட உயரம். நாற்காலி இல்லாமலே அவர் விரல் எட்டிவிடும்.

“மொதலாளி, மொதலாளி, தேங்கா உருண்டுகினு போவுது பாருங்க!” என்று முரளி கத்தினான்.

அவர் திரும்பினார். தேங்காய் தட்டில் இருந்த இடத்தில்தான் இருந்தது. அவர் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் நான் முரளியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அடுத்த விநாடி சந்தனம் டப்பாவில் விழுந்தது. கொஞ்சம் என் கையிலும் விழுந்தது.

திரையில் ஓட்டம் நின்றது. ‘பெட்டியுடன் தொடர்பு இல்லை. மறுபடி முயலட்டுமா?’ என்று கேட்டது. பழம் ‘ஆம்’ என்றது. சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டது. பழம் மறுபடியும் ‘ஆம்’ என்றது. விடிய விடிய இதே பேச்சுவார்த்தைதான் நடந்திருக்க வேண்டும்.

ஆனால் பயமில்லை. டப்பாவுக்குப் பொட்டு வைத்தாகிவிட்டதால் அந்த ஒயரை யாரும் திரும்பச் செருக முடியாது. காலைவரை முரளியின் வேலைக்கு அந்தச் சந்தனப் பொட்டுதான் காவல்.

மாமனார் மட்டும் தங்கலாம்

விஜயதசமி காலையில் புனர்பூஜை முடிந்து பழத்தை எடுத்தார்கள். என்டர் கீ பள்ளத்திலேயே நின்றுவிட்டது, கத்தியால் நெம்ப வேண்டியிருந்தது.

கோப்புகள் ஆங்கில எழுத்து வரிசையில் அழிந்திருந்தன. பில் போடும் பகுதி ஒரு மாதத்துக்கு முந்தைய அரைகுறை நிலைக்குப் போய்விட்டது. அறை பதிவுப் பகுதி வரிசையில் கடைசிப் பக்கம் இருந்ததால் தப்பித்தது. இந்த ஓட்டலில் விருந்தாளி வரலாம், தங்கலாம். ஆனால் பில் மட்டும் வராது.

“எங்க மாமனாரு மட்டும் தங்கலாம்” என்றான் முரளி. நேற்று அழுதவன் ஜோக் அடிக்கிறானே என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஏகாம்பரம் அவன் தோளில் கை வைத்தார். உள்ளுக்குள் அவருக்கும் உறுத்தியிருக்கிறது. “இன்னிக்கு விஜயதசமிடா. இன்னிக்கு எத்த ஆரம்பிச்சாலும் வெளங்கும். உக்காரு” என்று சொல்லிவிட்டுத் தானே போய் நாஸ்தா வாங்கி வந்தார்.

முரளி பில் பகுதியை மறுபடி எழுதினான். பக்கத்து மேசையில் நான் பெட்டியைத் திருத்தினேன். ‘வை’ என்றால் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ‘எடு’ என்றால் உங்கள் கோப்பின் தலையில் எழுதாமல், முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னேன். வெறும் என்டர் என்றால் எங்கேயும் எதுவும் அழியக் கூடாது. ஏகாம்பரம் பின்னால் உட்கார்ந்து பார்த்தார், இந்தத் தடவை நாஸ்தாப் பொட்டலத்தை என் பக்கமும் நகர்த்தினார்.

நான் முடித்ததும் முரளி அதே எலுமிச்சம்பழத்தை என் என்டர் கீயின் மேல் வைத்தான். “வாக்கா, டீ குட்ச்சிட்டு வரலாம்.”

திரும்பி வந்து பார்த்தோம். எல்லாக் கோப்பும் இருந்தது. அவன் தன் ஓட்டல் புரோகிராமிலும் பழத்தை வைத்துப் பார்த்தான். அதில் இரண்டு இடத்தில் பழம் பதிவை ரத்து செய்து விருந்தாளிகளை வெளியே துரத்தியது. உட்கார்ந்து திருத்தினான். சாயங்காலம் எழுதி முடித்த கையோடு ‘வை’ என்று அடித்தான். நான் சொல்லவில்லை, அவனாகவே அடித்தான்.

கண்ணாடி வீட்டிலே

ஓட்டல் மேனேஜர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், திரையில் எது வந்தாலும் படித்த மாதிரி தலையாட்டிவிட்டு என்டரைத் தட்டினார். ‘இன்றைய பதிவுகளை எல்லாம் ரத்து செய்யவா?’ என்று வந்தது. தட்டினார். முரளி கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்றும் ஆகவில்லை. பதிவுகள் எல்லாம் அப்படியே இருந்தன.

“மின்னாடி ஒரு கம்பெனிக்காரன் வந்தாம்பா. அவுனுது கீய்னு சத்தம் போட்டுகினே இருந்துச்சி, என் கையப் புட்ச்சித் தடுத்துகினே இருந்தான். உங்களுது தப்பா அமுக்கினாலும் கம்முனு கீது. இதையே போட்டுடுங்க” என்றார் மேனேஜர்.

திரும்பி வரும் வழியில் கோவளம் தாண்டியதும், “வேல ஆய்டுச்சிக்கா” என்றான் முரளி மெதுவாக. கோமதி பெயரைச் சொல்லும் அதே குரலில் சொன்னான்.

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் எது புதிதாக எழுதினாலும் என்டர் கீயில் பழம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது வழக்கமாகிவிட்டது. எலுமிச்சம்பழச் செலவை ஏகாம்பரம் முகம் கோணாமல் கொடுத்தார்.

தை மாதம் ஊரப்பாக்கத்தில் கல்யாணம். மேடை ஏறி வாழ்த்தினேன். கோமதியை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன்.

“சுமதி அக்காதான? ரொம்ப சொல்லிகீறாரு” என்றாள். பிறகு என் காதருகே குனிந்து, “எதையும் படிக்காம சரின்னு சொல்ற ஆளாமே இவுரு? எங்க அப்பா சொன்னாரு. அதான் வேல ஆனப்புறம் தாம்பூலம் மாத்த வந்தன்னிக்கு மூணு தபா கேட்டேன். நிச்சயமா, நிச்சயமா, நிச்சயமான்னு” என்றாள்.

“இன்னா சொன்னான்?”

“மூணு தபாவும் கொஞ்சம் யோசிச்சிட்டுதான்க்கா ஆமான்னாரு.”

மூன்று தடவை கேட்பது தப்பில்லை என்று நான்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேனே. எங்கே கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை, இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஏனோ எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னால் வரிசையில் நின்ற ஏகாம்பரம், “நவுருமா, எல்லாரும் நிக்கறாங்க இல்ல” என்று என்னை ஒதுக்கிவிட்டு, மாப்பிள்ளை கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.